மூன்றாம் ஓலை

ஸ்கெல்பி
இரண்டாம் மாதம் 3, 1812

தங்கை தபித்தாவுக்கு,

நான் நலம். நீயும் உன் கணவரும் நலமாக இருக்க விரும்புகிறேன். இந்தக் குளிரில் இடது முழங்கால் தகராறு செய்கிறது, வேறு குறையில்லை. ஹன்னா இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. என் மனைவியின் சாவு உன் காதுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மகள் கெசியாவுக்குப் பத்தொன்பது வயது. ஆர்ட்லி பிரபுவின் இரண்டாவது மகன் பெர்சிவல் அவளைக் கேட்கிறான். அவளுக்கும் விருப்பம். பையன் நல்லவன், ஆனால் நம் நண்பர்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆகவே கல்யாணம் நம் கூடுகையில் நடக்காது. அவர்களுடைய கோபுர வீட்டில், அதாவது கோயிலில், குருவானவர் முன்னால்தான் நடந்தாக வேண்டும்.

உன் கணவர் குருவானவர். அவர் கோயில் மலைமேல், யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது. கெசியா சில வாரம் உன் வீட்டில் தங்கட்டும், அங்கேயே சத்தமில்லாமல் முடித்துவிடலாம். எனக்குத் தெரியாமல் நடந்ததாக இருக்க வேண்டும். கூடுகை அவளை விலக்கும், அது எதிர்பார்த்ததுதான். தகப்பனும் உடந்தை என்று தெரிந்தால் என்னையும் விலக்கும். கார்த்வெயிட் வங்கியில் பணம் போட்டிருப்பவர்களில் பாதிக்கு மேல் நம் சபை நண்பர்கள். சபை விலக்கியவன் கையில் அவர்கள் ஒரு ஷில்லிங்கூட வைக்க மாட்டார்கள். ஆர்ட்லி பண்ணையின் வரவுசெலவு இனி நம் வங்கிக்கு வரப்போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பழையதைக் கிளற வேண்டாம். பதில் எழுது.

உன் அண்ணன்,
ஒபதியா கார்த்வெயிட்


மோர்கில் குருமனை
பிப்ரவரி 17, 1812

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் சௌக்கியம். தங்கள் முழங்கால் சௌக்கியமா? ஹன்னா அண்ணி இறந்ததை இங்கே கம்பளி வாங்க வந்த வியாபாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நல்லவள். உங்களுக்குத் தெரியாமல் எனக்கு இரண்டு முறை பிளம் ஜாம் அனுப்பினாள்.

பழையதைக் கிளற வேண்டாம் என்கிறீர்கள். நான் கிளறவில்லை, அது தானாகவே மேலே கிடக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் மைல்ஸைக் கட்டிக்கொண்டபோது என்னை விலக்கச் சொல்லிக் கூடுகைக்குத் தாள் எழுதியது யார்? நீங்கள். அதை எல்லோர் முன்னும் வாசித்தது யார்? நீங்கள். ‘ஒழுங்கீனமான நடத்தையால் நம்மிடமிருந்து தன்னைத் தானே வெட்டிக்கொண்டாள்.’ அழகான வாக்கியம். எழுத்தில் உங்களுக்கு எப்போதும் நல்ல கை.

அதைக்கூட விடுங்கள், சபையின் சட்டம். ஆனால் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பனியில் இரண்டு நாள் பயணம் செய்து வந்தேனே, கதவை அரை அடி திறந்து “உள்ள வராதே, அவ தூங்கறா” என்றீர்களே, அது எந்தச் சட்டம்? விலக்கியவளைத் தாயைப் பார்க்க விடாதே என்று எந்தக் கூடுகையும் சொல்லவில்லை. அது உங்கள் சொந்தச் சரக்கு. அவளை எங்கே புதைத்தீர்கள் என்று ஐந்து முறை எழுதிக் கேட்டேன். நம்மவர்கள் கல் நடுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. யாராவது காட்டினால்தான் உண்டு.

கடவுளுக்கு மட்டும்தான் என்று சொல்லி, ராஜாவே வந்தாலும் தொப்பியைக் கழற்றாத தாங்கள், வங்கியின் பெட்டக அறை வாசலில் மட்டும் தினமும் காலையில் கழற்றுகிறீர்களாமே. ஸ்கெல்பி சந்தையிலிருந்து வருகிற அத்தனை பேரும் இங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள். “கார்த்வெயிட்டுக்குத் தன்னோட சாமி யாருன்னு நல்லாத் தெரியும்” என்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பேராயரின் அனுமதிச் சீட்டு. ஒரே நாளில் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். பெண்ணுக்கு இருபத்தொன்று ஆகாததால், தகப்பன் நேரில் வந்து வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து சம்மதம் தர வேண்டும். உங்களால் முடியுமா?

அம்மா எங்கே?

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
தபித்தா


ஸ்கெல்பி
இரண்டாம் மாதம் 26, 1812

தபித்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பு தேய்க்கிறேன்.

என்னை ‘நீங்கள்’ என்று எழுதாதே. நம் வீட்டில் யாரும் யாரையும் அப்படி அழைத்ததில்லை. பிரபுவையும் நான் நீ என்றுதான் பேசுகிறேன்.

சத்தியம் செய்ய மாட்டேன். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. நம் தாத்தா சத்தியம் செய்ய மறுத்துச் சிறையில் கிடந்தவர். இந்த ஒரு விஷயத்திலாவது அவர் பேரனாக இருக்க விரும்புகிறேன். தவிர, பேராயரின் அலுவலகத்தில் என் பெயர் ஏறினால் மறைக்கவும் முடியாது. சத்தியம் இல்லாத இன்னொரு வழி என்ன என்று எழுது. எதுவானாலும் சம்மதம்.

கெசியாவுக்குத் தேநீர் பிடிக்கும். மலைக்காற்று அவள் நெஞ்சுக்கு ஆகுமா என்று கேட்டு எழுது.

ஒபதியா


மோர்கில்
மார்ச் 9, 1812

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

மலைக்காற்று யாரையும் கொன்றதில்லை. நானே சாட்சி.

இன்னொரு வழி, ஓலை. கோயிலில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு நடுவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். சத்தியம் இல்லை, கையெழுத்து இல்லை, நீங்கள் வரவேண்டிய அவசியமும் இல்லை. மூன்று முறை வாசித்து யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் முடிந்தது. வண்டிக்காரர்களும் பால்காரிகளும் இப்படித்தான் கட்டிக்கொள்கிறார்கள். ஆர்ட்லி பிரபு மூக்கைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.

எங்கள் கோயிலுக்கு ஞாயிறன்று பதினைந்து பேர் வந்தால் அதிகம். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேருக்குக் காது கேட்காது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அம்மாவை எங்கே வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்த மரத்தடி, அவ்வளவு போதும். எழுதினால், இந்த ஓலை விஷயத்தில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நானும் எழுதுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வங்கிக்காரருக்குக் கொடுக்கல் வாங்கல் புரியும்.

முழங்காலைக் குளிரில் காட்டாதீர்கள்.

தபித்தா


ஸ்கெல்பி
மூன்றாம் மாதம் 20, 1812

தபித்தாவுக்கு,

ஓலையே இருக்கட்டும். உங்கள் இடையர்கள் தூங்கட்டும்.

கெசியா இருபத்தெட்டாம் தேதி வண்டியில் வருகிறாள். ஒரு பெட்டி தேநீர், இரண்டு கம்பளி, ஒரு முழுப் பாலாடைக்கட்டி கொடுத்து அனுப்புகிறேன். உன் கணவரின் கோயில் கூரைக்கு இருபது பவுன் வைத்திருக்கிறேன். கோபுர வீட்டுக்குக் கார்த்வெயிட் கொடுக்கும் முதல் காசு இது, யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நீ கேட்டதற்கு: இறந்தவர்கள் ஆண்டவரிடம் இருக்கிறார்கள். மண் வெறும் மண். கல் நடாததன் காரணமே அதுதான், நீயும் அதைக் கேட்டு வளர்ந்தவள். இனி இதைக் கேட்காதே. பேரம் பேசவும் வேண்டாம்.

ஒபதியா


மோர்கில்
ஏப்ரல் 7, 1812

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

கெசியா பத்திரமாக வந்து சேர்ந்தாள். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. பாலாடைக்கட்டி வண்டியிலேயே பாதி காலி, அதுவும் அவள் வேலைதான். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “அத்தை, நீ அப்பா மாதிரியே இருக்கே” என்றாள். “திட்டாதேடி, உள்ள வா” என்றேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகம். சாம்பல் நிற உடுப்பும் வெள்ளைக் குல்லாயுமாக அவள் அடுப்படியில் நிற்கும்போது என்னையே பார்ப்பது போல இருக்கிறது. அதனால் அவள் தலையில் ஒரு முடிகூடக் கலையாமல் பார்த்துக்கொள்வேன். அதை நம்புங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் ஓடிவந்ததாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். தன்னைச் சபை விலக்கும்போது நீங்கள் எழுந்து ஆமோதிப்பீர்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. “அப்பாவுக்கு வேற வழி இல்ல அத்தை” என்றாள். நான் ரொட்டியை அறுத்தேன்.

முதல் ஓலை ஞாயிறன்று வாசித்தாயிற்று. பதினொரு பேர் இருந்தார்கள். யாரும் விழிக்கவில்லை.

அம்மா எங்கே என்று கடைசி முறையாகக் கேட்கிறேன். இந்த வாரம் பதில் வந்தால் உங்களுக்கும் நல்லது.

தபித்தா


ஸ்கெல்பி
நான்காம் மாதம் 13, 1812

தபித்தா,

என்ன செய்திருக்கிறாய்?

இன்று காலை வங்கியில், பத்துப் பேர் நிற்கும்போது கசாப்புக்கடை டாபின் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “கையக் குடுங்க சார். பிரபு வீட்டுச் சம்பந்தம். ரெண்டு வாரமா கோயில்ல படிக்கறாங்க, நீங்க மூச்சு விடலியே” என்றான். வங்கியில் என் கூட்டாளி ஜோனஸ் ரிக்பி பக்கத்திலேயே நின்றான். பேனாவைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கூடுகையில் மூப்பர் வரிசையில் எனக்கு அடுத்த இடம் அவனுடையது என்று உனக்குத் தெரியும்.

இங்கே, ஸ்கெல்பி கோயிலில், என் மகள் பெயரை இரண்டு ஞாயிறு வாசித்திருக்கிறார்கள். ஊரே கேட்டிருக்கிறது. என் வேலைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. சந்தையில் மீன் விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மலைமேல் என்றுதானே சொன்னாய்? இதை எப்படி நிறுத்துவது? உடனே எழுது. ஆளைக் காத்திருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஒபதியா


மோர்கில்
ஏப்ரல் 15, 1812

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் ஆளுக்கு ஆட்டுக்கறி சூப் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். குதிரையும் நலம்.

நான் பொய் சொல்லவில்லை. கோயிலில் வாசிப்பார்கள் என்றேன். எந்தக் கோயிலில் என்று நீங்கள் கேட்கவில்லை. பெண் இருக்கும் ஊர்க் கோயிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை இருக்கும் ஊர்க் கோயிலிலும் வாசிக்க வேண்டும். பெர்சிவல் உங்கள் ஸ்கெல்பி கோயிலைச் சேர்ந்தவன். இது இங்கிலாந்தில் பால்காரிக்குக்கூடத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் பெர்சிவலும் உங்களிடம் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரு நாளும் கோயிலுக்குள் கால் வைக்காதவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. மொத்த ஸ்கெல்பியிலும் அந்த ஓலை காதில் விழாமல் இருக்கக்கூடிய ஆட்கள் நீங்களும் உங்கள் நண்பர்களும்தான்.

மைல்ஸ் என்னோடு சண்டை போட்டார். “அவருக்குச் சொல்லிடு தபி. நமக்கு இது வேண்டாம்” என்றார். “ஒரு வரி கேட்டிருக்கேன். அது வந்தா சொல்றேன்” என்றேன். கேள்வி கேட்டு இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். நீங்கள் எனக்கு மண்ணைப் பற்றிப் பிரசங்கம் எழுதினீர்கள், கூரைக்கு இருபது பவுன் அனுப்பினீர்கள். பவுனைத் திருப்பி அனுப்புகிறேன், கூரை ஒழுகட்டும்.

நிறுத்த வழி கேட்டீர்கள். இருக்கிறது. பெண்ணுக்கு இருபத்தொன்று ஆகவில்லை, தகப்பன் ஆட்சேபித்தால் ஓலை செல்லாது. வரும் ஞாயிறு காலை ஸ்கெல்பி கோயிலுக்குப் போங்கள். பெயர் வாசித்ததும் எழுந்து நின்று, எல்லோர் முன்னும், “கூடாது” என்று சொல்லுங்கள். ஒரே வார்த்தை. கல்யாணம் நின்றுவிடும், வங்கி பிழைக்கும், கெசியா என் அடுப்படியில் அழுவாள். சொல்லாவிட்டால் உங்களுக்குச் சம்மதம் என்று ஊர் எடுத்துக்கொள்ளும், ஜோனஸ் ரிக்பியும் எடுத்துக்கொள்வார்.

வெறுப்பு என்றால் என்ன என்று நான் உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் பனியில் நின்றுகொண்டு.

நானும் ஞாயிறன்று அங்கே இருப்பேன். முன்வரிசையில்.

தபித்தா


கருப்பு அன்னம் விடுதி, ஸ்கெல்பி
ஏப்ரல் 19, 1812, ஞாயிறு

என் அருமை கெசியாவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். மாமாவுக்குச் சூடாகச் சாப்பாடு போடு, நான் இல்லாவிட்டால் ரொட்டியும் வெங்காயமும் தின்றே நாளை ஓட்டிவிடுவார். உன் கல்யாணம் நிற்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்காதே.

கோயில் நிறைந்திருந்தது. ஈஸ்டருக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். வேடிக்கை பார்க்கத்தான். பாட்டு முடிந்து ஓலை வாசிக்கப் போகும் நேரத்தில் பின்கதவு திறந்தது. உன் அப்பா. தலையில் தொப்பி. அந்த அகலத் தொப்பியோடு நடுவழியில் நடந்து வந்தார். நொண்டினார். முழங்கால் விஷயம் உண்மைதான் போலிருக்கிறது.

ஒழுங்கு பார்க்கக் கையில் கோலோடு நிற்கும் கோயில் ஊழியன், கோயில்குட்டி, ஓடிவந்தான். “தொப்பிய எடுங்க சார்” என்றான். உன் அப்பா, “நான் மனுஷனுக்கும் கழட்டறதில்ல, கட்டடத்துக்கும் கழட்டறதில்ல” என்றார். “பேங்க்ல மட்டும் கழட்டுவீங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கோயில் முழுக்கச் சிரித்தது. கோயில்குட்டி கோலின் நுனியைத் தொப்பிக்கு அடியில் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினான். அது உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது கெசியா. எனக்குத் தெரியாது. கடைசியாக நான் பார்த்தபோது கருகருவென்று இருந்தது.

உன் பெயரையும் பெர்சிவல் பெயரையும் வாசித்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்கள். உன் அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த முகத்தை அப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன், கண்ணாரப் பார்த்தேன். பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். குருவானவர் அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். உன் அப்பா குனிந்து, என் காலடியில் இருந்த தொப்பியை எடுத்து, தூசியைத் தட்டி, போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆர்ட்லி பண்ணைக் கணக்கை விட மனசு வரவில்லை, அதனால்தான் பேசவில்லை என்று நினைக்கிறேன். உன்னிடம் இதை மறைப்பானேன்.

நாளை புறப்படுகிறேன். கல்யாண கேக்குக்கு முட்டை சேர்த்து வை.

உன் அத்தை,
தபித்தா


ஆர்ட்லி மாளிகை, ஸ்கெல்பி
ஜூன் 21, 1812

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் மாமாவும் நலமா? கல்யாணத்தன்று மாமா சொன்ன ஜெபத்தைப் பற்றிப் பெர்சிவல் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியார் எனக்குப் பட்டு உடுத்தக் கற்றுத் தருகிறார். நடந்தால் சரசரவென்று சத்தம் வருகிறது, திருடிக்கொண்டு ஓடுகிறவள் மாதிரி இருக்கிறது.

அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மே மாதக் கூடுகையில் அவரை விலக்கினார்கள். ஜோனஸ் ரிக்பிதான் தாளை எழுதி வாசித்தார். ‘ஒழுங்கீனமான நடத்தையால் நம்மிடமிருந்து தன்னைத் தானே வெட்டிக்கொண்டான்.’ அதே வார்த்தைகள் அத்தை. பழைய தாளைப் பார்த்து எழுதியிருப்பார். அப்பா எழுந்து, “நல்லா எழுதியிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

அடுத்த நாளே நண்பர்கள் வரிசையில் நின்று பணத்தை எடுத்தார்கள். அப்பா ஒருவரையும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. வீடு, குதிரைகள், தாத்தாவின் நிலம் எல்லாவற்றையும் விற்று, ஒரு காசு குறையாமல் கொடுத்தார். ஆர்ட்லி கணக்கை மாமனார் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். இப்போது வங்கி ரிக்பியுடையது. அப்பா சேணம் தைப்பவர் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறார். எங்களோடு வரமாட்டேன் என்கிறார்.

அன்று கோயிலில் அவர் வாயை மூடிக்கொண்டது பண்ணைக் கணக்குக்காக இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள்.

எழுத வந்தது இதுதான். சாவியை ஒப்படைக்கும் நாளில் நானும் கூடப் போனேன். பெட்டக அறை வாசலில் அப்பா வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றினார். ரிக்பி சிரித்தார்.

“இன்னும் என்ன ஒபதியா? உள்ள இருக்கறது இனிமே என்னோட பணம். அதுக்கு நீ மரியாதை பண்ண வேண்டாம்.”

“பணத்துக்கு நான் என்னைக்குக் கழட்டினேன்?” என்றார் அப்பா. பிறகு, “ஜோனஸ், வாரம் ஒரு தரம் நான் இங்க வந்து நிக்கணும். விடுவியா?” என்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“பெட்டி வச்சிருக்கறவங்க மட்டும்தான் உள்ள வரலாம். நீ போட்ட சட்டம்” என்று ரிக்பி கதவைச் சாத்திவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பாவை விடாமல் கேட்டேன். வங்கிக்குப் பின்னால் முன்பு நண்பர்களின் பழைய இடுகாடு இருந்ததாம். கூடுகை ஊருக்கு வெளியே புது இடம் வாங்கியபோது இதை விற்றார்கள். கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது, வெறும் புல்தரை. “லாயக்காரன் விலை பேசினான். குதிரை கட்டுவான். அதான் நான் வாங்கினேன்” என்றார். வாங்கி, வேறு யார் காலும் படாத ஒரே அறையை அதன்மேல் கட்டினார். உங்கள் அம்மா அந்தப் பெட்டக அறைக்குக் கீழே இருக்கிறார்கள் அத்தை.

“அத்தைக்கு ஏன்ப்பா சொல்லல?” என்றேன். “மொதல்ல கோவம். அப்புறம் கட்டடம் வந்துடுச்சு, சொல்ல வாய் வரல” என்றார். எந்த இடத்தில், எந்தக் கல்லுக்குக் கீழே என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லை. “அவளுக்கு எழுதாதே” என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் கெசியா


மோர்கில்
ஏழாம் மாதம் 6, 1812

ஒபதியா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இல்லை.

கெசியா எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே.

உன் வங்கி போனதற்கு நான் வருந்தவில்லை. எனக்கு வருத்தம் வேறு. இத்தனை வருடமும் ஒவ்வொரு நாள் காலையும் நீ அம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறாய். நான் ஊரோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் நான் உன் வாசலில் காத்துக் கிடந்தாவது உள்ளே வந்து நின்றிருப்பேன். நீ எழுதவில்லை. அந்தக் கதவுக்கு ஒரே சாவி, அது உன் கையில் இருந்தது. அதைப் பிடுங்கி ரிக்பி கையில் கொடுத்தது நான். யோசித்துப் பார், அன்று பனியில் நான் மட்டும்தான் வெளியே நின்றேன். இப்போது நாம் இரண்டு பேரும் நிற்கிறோம்.

அழுது முடித்துவிட்டு ஸ்கெல்பிக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. ரிக்பியைப் பார்த்து, பெட்டக அறையில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்றேன். கட்டணம் கட்டினேன். “உள்ள என்ன இருக்கு?” என்றார். “குடும்பச் சொத்து” என்றேன். என்னைக் கூடுகையிலிருந்து விலக்கி நீ எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாயே, அந்தத் தாள்தான் உள்ளே இருக்கிறது. உன் கையெழுத்தோடு. அவள் பக்கத்திலேயே இருக்கட்டும். நீ என்ன எழுதினாய் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

வியாழக்கிழமைகளில் பெட்டி வைத்தவர்களை உள்ளே விடுகிறார்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர் பெயர் கொடுக்கலாம் என்று உன் சட்டத்திலேயே இருக்கிறது. என் பெயருக்குக் கீழே உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ரிக்பிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கட்டணத்தை வாங்கிவிட்டார். உன்னை மன்னித்ததாக எடுத்துக்கொள்ளாதே. உள்ளே போய் நின்றேன். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கிறது. எங்கே நின்றாலும் அவள் தலைமேல் நிற்கிறேனோ என்று காலை வைக்கப் பயமாக இருக்கிறது.

பதினாறாம் தேதி வியாழன், காலை பத்து மணிக்கு வா. எந்தக் கல் என்று காட்டு. பிறகு உன் வழி உனக்கு, என் வழி எனக்கு.

தபித்தா